மாத்தூர்ப் பாலத்தில் அப்பா

அப்பா தவழ்ந்து வந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் ஒடுங்கிய நடைபாதையில், தலையைத் தூக்காமல், ஒவ்வொரு கையாக எடுத்துவைத்து என்னை நோக்கி வந்தார். பாலத்தின் நடுவில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் ஊர் குழித்துறை; ஆற்றங்கரை ஊர். அப்பா வாடகைக் கார் ஓட்டினார். வெளியூர்க்காரர்களுக்கு அவர் காட்டும் இடங்களின் வரிசை எனக்கு மனப்பாடம்: வெயில் ஏறுமுன் சிதறால் மலைச் சமணக் கோயில், பிறகு மாத்தூர்ப் பாலம், மதியம் திற்பரப்பு அருவி, கடைசியாகப் பத்மநாபபுரம் அரண்மனை. பள்ளி விடுமுறையில் முன் இருக்கையில் நானும் போவேன். சிதறாலில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களை அப்பாவே கூட வந்து காட்டுவார். மாத்தூரில் மட்டும், "வண்டியப் பாக்க ஆளு வேண்டாமா?" என்று நின்றுவிடுவார். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பறளியாற்றுக்கு மேலே, தென்னைகளைவிட உயரமான தூண்கள்மேல் வாய்க்காலைக் கொண்டுபோகும் பாலம் அது. வாய்க்காலை ஒட்டி ஆட்கள் நடக்க ஒரு பாதை. அதில் அப்பா ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை என்பதை நான் கவனித்ததேயில்லை.

அன்று வந்தவர்களுக்கு வழிகாட்டியாக நானே முன்னால் போனேன். நடுவில் ஒருமுறை கீழே பார்த்தேன். எப்போதும் அண்ணாந்து பார்த்த தென்னைகளின் தலைகள் காலுக்கு அடியில் கிடந்தன. காற்று வீசியது, பாலமே ஒரு பக்கம் சாய்வதுபோல் இருந்தது. வந்தவர்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "அப்பா" என்று கத்தினேன்.

பாலத்தின் வாசலில் அன்னாசி விற்ற அக்கா, "ஏட்டி, எழும்பி நடந்து வா. ஒண்ணும் செய்யாது" என்று கூவினார். அதற்குள் அப்பா பாலத்தில் ஏறிவிட்டார். சில அடி நடந்தவர் நின்றார், கம்பியைப் பிடித்தார், பிறகு மெல்லக் குனிந்து கைகளை ஊன்றினார்.

"டிரைவரண்ணே, மூணாவது கியருல போடும்!" என்றான் அங்கே நின்ற ஒரு பையன்.

"சிரிங்கலே, சிரிங்க. திரும்பி வந்து பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

என்னைத் தூக்கிக்கொண்டு போவார் என்று காத்திருந்தேன். அவரோ பக்கத்தில் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. "மக்களே, எனக்குத் தலை சுத்துது. என்னைக் கரையில கொண்டு விடு" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா விழுந்துவிடுவார் என்ற பயம் வந்ததும் என் பயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எழுந்தேன். "கண்ணத் திறக்காதீங்கப்பா, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிச் சொல்லி அவரை நடத்திக்கொண்டு வந்தேன்.

இப்போது பாலங்களை ஆய்வு செய்வது என் வேலை. ஏறுமுன் சரிபார்ப்பவை: இடுப்புப் பட்டை, கொக்கி, கயிறு, காற்றின் வேகம். எல்லாம் சரியாக இருந்தாலும் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். போன மாதம் அப்பாவை மாத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

"அன்னைக்கு நெசமாவே பயந்தீங்களா, இல்ல என்னை எழுப்பத்தான் அப்பிடிச் சொன்னீங்களா?"

"நீ நடந்தியா இல்லியா? பின்ன என்ன?"

வாசலிலேயே நின்றுகொண்டார். நான் தனியாக நடந்தேன். நடுவில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அப்பா கெட்டித் தரையில் நின்றபடியே இரு கைகளாலும் வாசல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.