நாற்காலி வந்த நாள்

செனாவாங் ஊரில் இருக்கும் ஃபேக்டரியில் நாங்கள் பொம்பளைகள் நின்றுகொண்டேதான் வேலை பார்ப்போம். மெஷினுக்குச் சூடு ஆகாதென்று ஏர்கோன் போட்டவர்களுக்கு எங்கள் கால்கள் மட்டும் கண்ணில் படவே இல்லை. மீட்டிங்கில் நாற்காலி கேட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு, ஒரு நாள் காலையில் எங்கள் லைனுக்கு நாற்காலிகள் வந்து இறங்கின. ஆளுக்கொன்று! முதுகுக்குச் சாய்மானம் வேறு!

என்னுடையதைத் தடவிப் பார்த்தேன், துணியால் துடைத்தேன், சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். ஆனால் உட்காரவில்லை. யாருமே உட்காரவில்லை. நாங்கள் எல்லாம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வேலை நேரத்தில் சற்று உட்கார்ந்ததற்காக எங்கள் அம்மாக்கள் வேலையை மேய்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கியதைப் பார்த்தவர்கள்.

சூப்பர்வைசர் அக்கா வந்தார்.

"என்னா, கோயில் சாமியா அது? சுத்திச் சுத்தி வர்றீங்க! உக்காருங்க லா!"

பொத்தென்று உட்கார்ந்தேன். அடடா! பக்கத்து மெஷின்காரி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். லைன் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டேதான் அன்றைய வேலையைச் செய்தோம்.

வேலை முடிந்தால் கேட்டுக்கு வெளியே என் கணவர் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பார். வழக்கமாக அவர் தோளைப் பிடித்து, முனகி முனகித்தான் பின்னால் ஏறுவேன். அன்று ஓடிப்போய்த் தாவி ஏறினேன். மோட்டார் ஆடியதில் அவர் மிரண்டு திரும்பினார்.

"என்னா, வேலைய விட்டுட்டியா?"

"இல்ல லா! உக்காந்து செஞ்சேன்!"