ஆலாத்திக்கு நின்ற சோடி

என் தோழி என்னைப் படத்துக்குக் கூப்பிட்டபோது, நல்ல பகிடிப் படமாக இருக்கும் என்று நம்பித்தான் போனேன். சுவிஸின் நொஷாட்டல் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எங்கள் இருவருக்கும் வேலை. அவள் கமரூனில் பிறந்து, சிறு வயதிலேயே தாயோடு இங்கே வந்தவள். கட்டில் விரிப்பின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிக்க, மடித்து மடித்தே சிநேகிதமானோம். அவள் பேசுவது பிரெஞ்சு. என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

படம் ஓடியது ஒரு பழைய சின்னத் தியேட்டரில். பெரிய கம்பனி எதுவும் இல்லாமல் சிநேகிதர்கள் சேர்ந்து எடுத்த படமாம். பார்த்தாலே தெரிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய இரண்டு கறுப்பினப் பெண்கள் ஒரு சின்னக் குசினியில் வாழைக்காய் பொரிக்கிறார்கள். பொரிக்கிறார்கள், பொரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அடுப்பைக் குறைக்கச் சொல்லு, கருகப்போகுது" என்று அவள் காதில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

தன்னால் அவளை வெறும் சிநேகிதியாக நினைக்க முடியவில்லை என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்கிறாள். மற்றவள் எண்ணெயை வடித்தபடியே, "பஸ்ஸில ஏறினா எங்கட நிறத்தைப் பாக்கினம். இனி இதையும் பாக்கட்டோ?" என்கிறாள். தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் என்னையும்தான் பார்க்கிறார்கள். கடைசியில் இருவரும் ஒருத்தியின் தாயிடம் சொல்லப் போகிறார்கள். தாய் கதவைத் திறக்கிறாள். அத்தோடு படம் முடிந்தது.

ஏரிக்கரையால் நடந்து வரும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. "டிக்கெட் எடுத்து வந்த சனத்துக்குத் தாய் என்ன சொன்னவ எண்டு காட்ட வேண்டாமோ?"

"எடுத்தவைக்கும் தெரியாதுபோல" என்றாள். பிறகு நடையை நிறுத்தினாள். "அக்கா, என்னோட இருக்கிறவள் சும்மா வாடகையைப் பங்குபோட வந்தவள் இல்லை."

"தெரியும்."

"எப்பிடி?"

"உனக்குக் காய்ச்சல் எண்டு ரசம் கொண்டு வந்தனான். வீட்டில கட்டில் ஒண்டுதானே கிடந்தது. எனக்கென்ன கண் தெரியாதோ?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். தாய்க்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. தாயோ ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிறவர். "அம்மா என்னை வேண்டாம் எண்டிட்டா எனக்கு ஆருமில்லை, அக்கா." நானும் ஒரு தாய்தான் என்றாலும் அவளுடைய தாய்க்காக உத்தரவாதம் கொடுக்க முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவு பாவமாக இருந்தது.

சில மாதங்களில் என் மகள் பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்தியச் சடங்கு வந்தது. எங்கள் சடங்குகளில் பெண்கள் சோடி சோடியாக மேடையேறி, எரியும் திரிகள் வைத்த தட்டை இருபுறமும் பிடித்துப் பிள்ளைக்கு முன்னால் சுற்றி ஆலாத்தி எடுப்பார்கள். என் தோழியும் எடுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. யாரோடு நிற்கப் போகிறாய் என்று தோழியிடம் கேட்டேன்.

"என்னோட இருக்கிறவளோட நிக்கட்டோ? ஒருக்கால் எல்லாருக்கும் முன்னால அவளோட சோடியா நிக்க வேணும். ஒருத்தருக்கும் விளங்காதுதானே."

ஓம் என்றேன். தோழியின் தாயையும் நான் ஏற்கெனவே அழைத்திருந்தேன். என் மீன் கட்லட்டுக்காகவே எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிடாத மனிசி அவர்.

சூரிச் பக்கம் டீட்டிகோனிலிருந்து வந்த என் மச்சாள், அதாவது என் கணவரின் தமக்கை, யாரும் கேட்காமலே மேடையைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவருக்கு ஜேர்மன் தண்ணிபட்ட பாடு, பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அதற்காக அவர் வாய் ஓய்ந்திருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. என் சீலைகளைக் கட்டிக்கொண்டு தட்டோடு நின்ற இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இவை ரெண்டு பேரும் கலியாணம் கட்டினவையோ? கட்டாத ஆக்கள் ஆலாத்தி எடுக்கக்கூடாது, தெரியும்தானே?"

"மச்சாள், இப்ப உது தேவையோ?"

"தேவை."

நான் கேட்டுச் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும், முன்வரிசையில் இருந்த தோழியின் தாயிடமே போய்விட்டார். தன் தாலிக்கொடியைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாவின் மோதிரவிரலைத் தொட்டார். பிறகு மேடையில் நின்ற இருவரையும் காட்டி, என்ன என்பதுபோல் தலையை ஆட்டினார். ஊமைக்கும் விளங்கும் கேள்வி.

தாய் மகளைப் பார்த்தார். மகள் பிடித்த பக்கம் தட்டு சரிய, வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகளின் சுடரும் சாய்ந்தது. மற்றவள் தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாய் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

"அப்ப புருசன்மார் எங்கை?" மச்சாள் விடவில்லை. கையை விரித்து ஆண்கள் இருந்த பக்கம் தேடிக் காட்டினார்.

தாய் எழுந்தார். விரலை நீட்டி முதலில் தன் மகளைக் காட்டினார். அதே விரலால் மற்றவளைக் காட்டினார். பிறகு திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். "தாயே சொல்லிப்போட்டாதானே" என்றேன். அவர் முகம் சுருங்கியது. கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, "சரி, சோடியாத்தானே நிக்கினம். எடுக்கட்டும். ராகுகாலம் வரப்போகுது" என்று அடுத்த தட்டைப் பார்க்கப் போய்விட்டார். மச்சாள் மேல் எனக்கிருந்த கோபங்களில் பாதியை அன்றோடு விட்டுவிட்டேன். மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் உண்டு.

என் மகள் வெட்கமும் சிரிப்புமாக நிற்க, அவர்கள் இருவரும் தட்டைச் சுற்றினார்கள். முடித்து இறங்கியதும் தோழி நேரே தாயின் முன்னால் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று.

"அம்மா, உங்களுக்கு எப்பவிருந்து தெரியும்?"

"இப்பத்தான்" என்றார் தாய்.

சொல்லிவிட்டு ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் சீலையோடு நிலத்தில் குந்தி அவர் மடியில் தலையை வைத்தாள். மற்றவள் கிட்ட வரப் பயந்து, தட்டைப் பிடித்தபடி தள்ளி நின்றாள். தாய் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த தன் கைப்பையை மட்டும் மற்றக் கையால் எடுத்துக் கீழே வைத்தார். அவள் வந்து அந்தக் கதிரையில் இருந்தாள்.