சிக்னல் போட்டு உழுதவர்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாடியில் இருந்த டக்சிக்காரர் ஒருவர், நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, புத்தம் புதிதாக ஒரு குட்டி ட்ராக்டரும் வாங்கிவிட்டார். இயந்திரமென்றால் எனக்கு உயிர். கூப்பிடாமலே அவர் காரில் ஏறிக்கொண்டேன்.

டக்சி ஓட்டும் அதே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடியோடு ட்ராக்டரில் ஏறினார். ஓரமாக நின்ற அவர் மனைவி, "இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒரு சாலாவது நேரா உழவேணும். இல்லாட்டி உந்த ட்ராக்டரைக் கடைக்காரனிட்டயே திருப்பிக் குடுக்கிறது" என்றார்.

முதல் சால் நெளிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஆனால் அந்த வெறும் வயலில், ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் போட அவர் தவறவில்லை.

"அண்ணை, ஆருக்குச் சிக்னல் போடுறியள்?"

"பழக்கம் தம்பி. பின்னால ஆக்கள் இல்லாட்டி எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

மூன்றாவது சாலில், புரண்ட மண்ணில் புழுப் பொறுக்க வெள்ளைக் கடற்புறாக்கள் கூட்டமாக இறங்கி, ட்ராக்டரின் பின்னாலேயே வந்தன. அவர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. நிமிர்ந்து உட்கார்ந்தார். ட்ராக்டர் நூல் பிடித்ததுபோல் போனது.

"இஞ்சரப்பா, ஏழெட்டுப் பேர் ஏறீட்டினம்!" என்று மனைவியிடம் கத்தினார்.

"அப்ப ட்ராக்டர் எங்களோடயே நிக்கட்டும். ஆக்களைப் பாத்து இறக்கிவிட்டிட்டு வாங்கோ!"

வயலின் மறுமுனையில் சிக்னல் மினுங்கியது. பழக்கத்தில் போட்டாரா, பறவைகளுக்காகப் போட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவை எல்லாம் அவரோடு சேர்ந்தே திரும்பின.