மூத்தாளுக்கு எல்.இ.டி.

கண்ணாடிக்கடைக்காரர் எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்தவர். கடைத்தெருவில் நடமாடும் மூக்குகளில் பாதி அவருடைய சரக்கைத்தான் சுமக்கின்றன. அப்படிப்பட்டவருக்குத் தம்முடைய காரின் முன்விளக்கைப் பற்றி ஒரு கருத்து ஏற்பட்டால், அதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கருத்து இதுதான்: விளக்குக்கு வயதாகிவிட்டது.

கார் பழையது. நீண்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி இரண்டு வட்ட விளக்கு, கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் அவர் மனைவி அதை 'மூத்தாள்' என்றுதான் சொல்வார். "மூத்தாளுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?", "மூத்தாள் இன்னிக்கு ஏன் இருமறா?" என்று விசாரிப்பதில் ஒரு குறையும் வைத்ததில்லை. இளையாளுக்கு அவ்வளவு பெருந்தன்மை.

அந்த அம்மாள் ஊரின் மறுகோடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். இருட்டிய பிறகுதான் வேலை முடியும். தினமும் மூத்தாளில் போய் இளையாளை அழைத்து வருவது கண்ணாடிக்காரரின் நியமம். இதைக் காதல் என்று சொன்னால் இருவருமே கோபித்துக்கொள்வார்கள். காரணம் வேறு. வீட்டில் மகள், மாப்பிள்ளை, இரட்டைக் குழந்தைகள், அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக ஒரு டிவி. மாப்பிள்ளை, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறோம் மாமா" என்று வந்தவர். எந்த மாதம் என்று சொல்லவில்லை. அவரைப் பற்றி மாமனாரும் மாமியாரும் மனம்விட்டுப் பேச இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் காரின் முன்சீட்டு. மருந்துக்கடை வாசலில் கதவு சாத்தியதும் மாநாடு தொடங்கும். வீட்டு வாசலில் என்ஜின் அணைந்ததும் முடியும். பிறகு இருவரும் உள்ளே போய், "என்ன மாப்பிள்ளை, சாப்டீங்களா?" என்பார்கள்.

இந்த மாநாட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. முதலில் ரவுண்டானாவின் ஓரக்கல்லில் ஏறி இறங்கினார். பிறகு பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி. அப்புறம், யாரும் தள்ளச் சொல்லாத ஒரு தள்ளுவண்டியைக் கொஞ்சம் தள்ளினார். மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை எது மேலயாவது விட்டீங்க, நான் பஸ்ல வந்துக்கறேன். அப்புறம் நீங்களும் மூத்தாளும் ஜோடியா ஊரைச் சுத்துங்க."

"நான் என்ன பண்றது? விளக்கைப் பாரு, மஞ்சக்காமாலை வந்த மாதிரி எரியுது."

"மஞ்சக்காமாலை அதுக்கா, உங்களுக்கா?"

"எனக்கென்ன? போன மாசம்தான் கண்ணு டெஸ்ட் பண்ணேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சாச்சு."

"யாரு டெஸ்ட் பண்ணது?"

"நான்தான். என்னை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாமே, அந்தக் கதைதான் என்று அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். மேடையும் கோணல்தான். கரண்ட் கொடுக்கிற டைனமோவுக்குத் தள்ளாமை. சிக்னலில் நின்றால் விளக்கு கொட்டாவி விடும். ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் விழித்துக்கொள்ளும்.

ஆகவே காரை ஃபியூஸிடம் ஓட்டிக்கொண்டு போனார். ஃபியூஸ் என்பது ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பட்டப்பெயர். எந்த வண்டி வந்தாலும், அது நிற்பதற்கு முன்பே "ஃபியூஸ்தான் சார்" என்று நோயைச் சொல்லிவிடுவதால் ஊர் மனமுவந்து அளித்த பட்டம்.

"எல்.இ.டி. போட்டுடலாம் சார். கரண்டைக் கொஞ்சமாத்தான் குடிக்கும். டைனமோ பாவம், கால் நீட்டி உக்காந்துக்கும்."

"வெளிச்சம் எப்படிப்பா?"

"நிலாவே ஓரமா ஒதுங்கிப் போகும் சார்."

மாட்டினார். எரியவில்லை. "ஃபியூஸ்" என்றார். ஃபியூஸ் இல்லை. ஹோல்டரைச் சுரண்டினார், வயரைக் கடித்தார், பல்பு செய்த கம்பெனியின் பரம்பரையை விசாரித்தார். பொழுது சாய்கிற நேரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனைதான் பாடியோடு சேரும். மூத்தாள் பிறந்த காலத்தில் சில கார்களுக்கு பிளஸ் முனையைச் சேர்த்து அனுப்பினார்கள். பழைய பல்புக்கு எது எப்படிப் போனாலும் ஒன்றுதான். எல்.இ.டி. மரியாதை பார்க்கும், தலைகீழாகக் கொடுத்தால் வாயே திறக்காது.

"உலகமே ஒரு பக்கம் போனா இவ ஒரு பக்கம் போறா சார்."

"எங்க வீட்லயும் இதையேதான் சொல்வாங்க" என்றார் கண்ணாடிக்காரர், கொஞ்சம் பெருமையாக.

எப்படிக் கொடுத்தாலும் எரிகிற ரகத்தைத் தேடிப் பிடித்து மாட்டியதும், ஷெட்டின் எதிர்ச்சுவர் பளீரென்று வெளுத்தது. சுவரில் பூச்சியைக் குறிவைத்திருந்த பல்லி, பூச்சியையும் மறந்து ஓடியது.

அன்று இரவு மாநாடு கோலாகலமாகத் தொடங்கியது. எதிரே வந்த கார் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. அடுத்த லாரியும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டோ, விளக்கோடு வாயையும் திறந்தது.

"எல்லாரும் ஏங்க கண்ணடிக்கறாங்க?"

"மரியாதை பண்றாங்க. இந்த மாதிரி காரை இப்பல்லாம் எங்க பாக்க முடியுது?" என்று சொல்லி, அவரும் பதில் மரியாதையாக ஹை பீமை ஒரு தட்டுத் தட்டினார். எதிரே வந்தவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கும்பிடுகிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண், போலீஸ் என்று நினைத்தாளோ என்னவோ, கையில் தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய விளக்கின் உள்கிண்ணம், பழைய பல்பின் இழை இருந்த இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. வெளிச்சத்தை வாரித் தரையில் போடுவது அதன் வேலை. புது பல்பு அதே இடத்தில் எரியவில்லை. கிண்ணம் குழம்பிப்போய், வெளிச்சத்தை எதிரே வருகிறவர் கண், மாடி, மரக்கிளை என்று பாரபட்சமில்லாமல் விநியோகித்தது.

தூறல் போட்ட ஒரு மாலையில், மாப்பிள்ளை வேலைக்கு மனுப் போட்டாரா இல்லையா என்ற தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது, வளைவில் ஒரு மொபெட் வந்தது. மொபெட் தள்ளாடியது. கார் வேகம் குறையவில்லை. "ஏங்க! ஏங்க!" என்று மனைவி கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது. மொபெட் வேலிச்செடிக்குள் புகுந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த கூடையிலிருந்து ரொட்டிகள் செடி முழுக்கக் காய்த்துத் தொங்கின.

வேலிக்குள்ளிருந்து ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். அடி ஒன்றுமில்லை; ஆத்திரம் மட்டும்தான்.

"யோவ்! உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று ஆரம்பித்தவர், கிட்டே வந்ததும் குரலை இறக்கினார். "சார்... நீங்களா? ஒண்ணுமே தெரியல சார். ஒரே வெள்ளை. நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடிதான் சார் இது."

கண்ணாடிக்காரர் இறங்கி வந்தார். தொழில் பழக்கம் யாரை விட்டது? "பவர் கூடியிருக்கும்" என்றார். "நாளைக்குக் கடைக்கு வாங்க, பாத்துடலாம்."

மனைவி காரைவிட்டு இறங்கினார். செடியிலிருந்து ரொட்டிகளைப் பறித்துக் கூடையில் போட்டுக் கொடுத்தார். முன்சீட்டிலிருந்து தம் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

மூத்தாளும் அவரும் தனியாக வீடு வந்து சேர்ந்தார்கள். ஓட்டியதைவிட ஊர்ந்தது அதிகம்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போகிற வழியில் அந்த அம்மாள் கண்ணாடிக்கடைக்கு வந்தார். உள்ளறையில், விளக்குப் பெட்டியில் மாட்டிய எழுத்துப் பலகைக்கு எதிரே கணவரை உட்காரவைத்தார்.

"படிங்க பாப்போம்."

"எத்தனை வாட்டி சொல்றது? இங்க பாரு, மேல் வரியெல்லாம் சின்னப் பசங்களுக்கு. நேரா கடைசி வரியையே படிக்கறேன்." ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். மறுகண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை.

அந்த அம்மாள் பலகைக்கு அருகில் போய், நகத்தால் சுரண்டி, கடைசி இரண்டு வரிகள் மேல், அவரை உட்காரவைப்பதற்கு முன்பே தாம் ஒட்டிவைத்திருந்த வெள்ளை பிளாஸ்திரியை உரித்தெடுத்தார். காயத்துக்குப் போடுகிற சாதாரண பிளாஸ்திரி.

கடை திறந்த நாளிலிருந்து அதே பலகை. தினமும் பத்துப் பேர் அவர் எதிரே உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார்கள். பல வருஷமாக அவர் கண்ணைச் சோதித்ததே இல்லை, மனப்பாடத்தைத்தான் சோதித்திருக்கிறார். அதில் நூற்றுக்கு நூறு.

வெளியே பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரர் தம் முறைக்காகக் காத்திருந்தார். உள்ளே அந்த அம்மாள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"எந்தக் கண்ணுங்க?"

"ரெண்டும்." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூப்பூவா விரியுது. கண்புரைதான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏங்க..."

"டாக்டர்கிட்ட போனா கார் எடுக்காதேம்பாரு. அப்புறம் நாம எங்க உக்காந்து பேசறது? அந்த வீட்லயா?"

அந்த அம்மாள் பிளாஸ்திரியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "டாக்டர்கிட்ட நானே நேரம் வாங்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஃபியூஸ் வந்து எல்.இ.டி.யைக் கழற்றி, பழைய பல்புகளையே திரும்ப மாட்டினார். கிண்ணத்தோடு முழு விளக்கையும் மாற்றினால்தான் எல்.இ.டி. ஒழுங்காக விழும் என்று, முதல் நாளிலிருந்தே தமக்குத் தெரிந்தது போலச் சொன்னார். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை மூத்தாள் வாசலில் உறை போட்டுக்கொண்டு ஓய்வில் இருப்பதென்று முடிவாயிற்று.

அன்று மாலை மருந்துக்கடையை விட்டு வெளியே வந்த அந்த அம்மாள், பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆள் குடையோடு நிற்பதைப் பார்த்தார். எந்த பஸ் வருகிறது என்று தெரியாமல், வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"கூட்டிட்டுப் போக."

"பஸ்ல என்னை நீங்க கூட்டிட்டுப் போறீங்களாக்கும்?"

"சரி, நீ என்னைக் கூட்டிட்டுப் போ."

பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகும். ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் இருவரும் அயலார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதில் ஆரம்பித்தார். மனைவி காதைக் கிட்டே கொண்டுவந்தார். சோபா விஷயம் வந்தது, ரிமோட் விஷயம் வந்தது, மனுப் போடாத விஷயம் வந்தது. எதிரே ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம் முகத்தில் அடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார். அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றதும், டிரைவர் காதில் விழுந்துவிடுமோ என்று சட்டென்று நிறுத்தினார்.

முன்சீட்டில் இருந்த ஓர் அம்மாள் மெதுவாகத் திரும்பினார்.

"நிறுத்திட்டீங்களே. அதுக்கு மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"கேக்கறாங்க இல்ல? சொல்லுங்க."