ஒரு முனையை மட்டும் அளந்தவர்

நாற்பது வருடம் ஊரார் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவார். கையில் வேலையில்லாத மனிதர் வீட்டில் படுத்தும் பாடு தாங்காமல் மனைவியே யோசனை சொல்லித்தான் அந்த மரம் செதுக்கும் இயந்திரம் வந்தது. பின்பக்க அறையில் மேசைமேல் உட்கார்ந்துகொண்டது. கணினியில் எழுத்தோ பூவோ வரைந்து கொடுத்து, ஒரு பக்கம் பலகையைச் செருகினால், உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே செதுக்கித் தந்துவிடும். சர்வேயர் அதைத் தொட்டில் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். துணி போட்டு மூடிவைப்பார். மனைவி அந்தப் பக்கம் துடைப்பத்தோடு போனாலே ஒரு முறைப்பு முறைப்பார்.

ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை எலக்ட்ரீசியன். அதிர்ந்து பேசத் தெரியாதவர். பத்து வருடம் அடுத்தவர் கடையில் உழைத்துவிட்டு, நாலு தெரு தள்ளிச் சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை போடவிருந்தார். கடைக்குப் பெயர்ப் பலகை தன் பொறுப்பு என்று சர்வேயர் முந்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், மாமனாருக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று இயந்திரத்தின் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே அடைந்துகிடந்த மரத்தூளையெல்லாம் ஊதித் துடைத்து, மறுபடி பூட்டிவைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை சர்வேயர் பெயர்ப் பலகையைச் செருகினார். அது பாதி தூரம் போய் நின்றது. உருளைகள் உறுமின, பலகை அசையவில்லை. பலகையை மறுபடி வைக்கும்படி திரையில் எழுத்து வந்தது. மறுபடி வைத்தார், அதே கதை. நாலாவது தடவை அப்படி ஆனபோது பக்கத்தில் கீழ் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். செதுக்குவதை வேடிக்கை பார்க்க வந்த மனிதர். அவர் முன்னால் மானம் போகிறதே என்ற எரிச்சலில் சர்வேயர் வாயை விட்டார்.

“நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சுங்க. மாப்பிள்ளை பிரிச்சு மேய்ஞ்சார், அவ்வளவுதான், படுத்துடுச்சு.”

பேச்சு வாக்கில் சொன்னதுதான். ஆனால் கேட்டவர் யார்? புதிதாக வாங்கிய வீட்டுக்கு முழு வயரிங் வேலையையும் மாப்பிள்ளைக்கே கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தவர். அவர் ‘அப்படியா’ என்று ஒரு இழு இழுத்துவிட்டுக் கீழே போனார்.

மறுநாள் மாப்பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலகை வந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் கண்ணைத் துடைத்தார். கீழே ஓடும் பட்டையைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், தன் கைதான் எங்கேயோ பட்டிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் மாமா என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சர்வேயரோ, பரவாயில்லை, இனிமேல் கேட்டுவிட்டுத் தொடுங்கள் என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார். பெருந்தன்மையாம்!

வியாழக்கிழமை மகள் போனில் அழுதாள். கீழ் வீட்டுக்காரர் வயரிங் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். மாமனார் இயந்திரத்தையே கெடுத்தவன் கையில் வீட்டை எப்படி விடுவது என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். கடை இன்னும் திறக்கவேயில்லை, அதற்குள் இந்தப் பேச்சு. தான் வாயை விட்டதன் பலன் இது என்று சர்வேயருக்குப் புரிந்தது. ஆனாலும் குற்றம் மாப்பிள்ளையுடையதுதானே என்று ஒரு சமாதானம் இருந்தது. அந்தச் சமாதானத்தோடு பின்னறைக்குப் போய், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று பழைய அலமாரிப் பலகை ஒன்றைச் செருகினார்.

வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முன்னே போய், பின்னே வந்து, தன் நீளத்தைத் தானே அளந்துகொண்டு, செதுக்கத் தயார் என்று நின்றது.

பெயர்ப் பலகையை எடுத்துத் தரையில் கிடத்தினார். முன் முனையில் டேப்பை வைத்தார், தான் குறித்த அகலம் அப்படியே இருந்தது. பின் முனையில் வைத்தார், மூன்று மில்லிமீட்டர் கூடுதல். அறுத்தவர் அவரேதான். ஒரு முனையை அளந்து பார்த்துவிட்டு, நம் கை எங்கே தவறப்போகிறது என்று மறுமுனையை விட்டுவிட்டார். முன் முனைக்குச் சரியாக இயந்திரத்தின் பக்கவாட்டுத் தடுப்பை நெருக்கிப் பூட்டியிருந்தார். அகன்ற பக்கம் வந்ததும் பலகை சிக்கிக்கொண்டது. இவ்வளவுதான் விஷயம். அவருக்குக் காது மடல் சுட்டது. வரப்பு ஒரு சாண் தள்ளிப்போயிற்று என்று எத்தனை பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பார்!

மனைவியிடம்கூடச் சொல்லாமல், பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் கடைக்கு நடந்தார். சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை இறங்கி வந்தார். சர்வேயர் பலகையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

“இதைக் கீழ் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா மாமா?”

சொல்லவில்லை. அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்திருந்தார். மன்னிக்கக்கூடியவரிடம் முதலில் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

மாப்பிள்ளை பைக்கில் கொண்டுவந்து விட்டார். சர்வேயர் நேரே கீழ் வீட்டு வாசலில் நின்று, பலகையை நீட்டி, இரண்டு முனையையும் அளந்து காட்டி, தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். கீழ் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

“மூணு மில்லிக்கா சார் மெஷின் நிக்கும்? புரியுது, விடுங்க. மாப்பிள்ளை பேரைக் காப்பாத்த உங்க தலையில போட்டுக்கிறீங்க. யாருக்குங்க இந்த மனசு வரும்?”

இல்லைங்க, சத்தியமாக நான்தான் என்றார் சர்வேயர். சொல்லச் சொல்ல அந்த மனிதருடைய கண்ணில் மரியாதைதான் கூடிக்கொண்டு போனது. மனைவியை உள்ளேயிருந்து கூப்பிட்டு, மாமனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார். எல்லாம் பைக்கோடு வாசலில் நின்ற மாப்பிள்ளையின் காதில் விழுந்தது.

சர்வேயர் திரும்பி வந்தார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“சரி மாமா, நான் வரேன். வெள்ளையடிக்கிற வேலை பாதியில நிக்குது.”