மாமாவின் பட்டரும் அப்பாவின் குண்டுகளும்

அம்மாவின் தம்பி மலைநாட்டிலிருந்து பட்டர் கொண்டு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நானும் தங்கச்சியும் பாணை வெட்டி வைத்துக்கொண்டு குந்திவிட்டோம். ஆரையம்பதியில் அந்த நாட்களில் பாண் கிடைப்பதே பெரிய காரியம். அதற்குப் பூச பட்டரும் என்றால் சொல்லவா வேண்டும். மாமா சாக்கை இறக்கி, பழைய சாரத்தால் சுற்றியிருந்ததை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஓர் இரும்புப் பொல்லு. அதன் அடியில் குழந்தையின் பாதம் அளவுக்கு ஒரு கட்டை இரும்பு. இதுதான் பட்டர் என்றார். தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள்.

மாமா மலைநாட்டில் ஒரு கோல்ஃப் திடலில் துரைமாருக்குப் பை தூக்கிக்கொண்டு திரிந்தவர். பின்னேரங்களில் துரைமார் போன பிறகு தானே விளையாடிப் பழகி, அவர்களுக்கே சொல்லிக் கொடுக்கும் அளவுக்குக் கைதேர்ந்துவிட்டார் என்று அம்மா பெருமையடிப்பாள். கலவரம் வந்தபோது மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு ஓடினார்கள். இவர் இந்தப் பொல்லோடும் சட்டைப் பையில் ஒரு வெள்ளைப் பந்தோடும் ஓடி வந்தார். நிலைமை சீரானதும் திரும்பிப் போவார், அதுவரை கைப்பழக்கம் விட்டுப் போகக் கூடாது. அதற்காக எங்கள் முற்றத்தில், கொய்யா மரத்தடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் புதைத்தார். பட்டர் என்று துரைமார் சொல்கிற அந்தப் பொல்லால் பந்தை மெதுவாகத் தட்டி அதற்குள் விட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்கா துரைமார் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள் என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

ஆனால் பந்து சிரட்டைக்குள் போகவில்லை. ஒரு முறை போனால் மறு முறை வலப்பக்கம் விலகிப் போய்க் கோழிக் கூட்டில் முட்டியது. மாமா முற்றத்தைக் குறை சொல்லவில்லை. பொல்லை ஒரு விரலின் மேல் குறுக்கே கிடத்திப் பார்த்தார். கட்டையின் மூக்கு சரிந்து நிலத்தைப் பார்த்துத் தொங்கியது. மூக்குக் கனம், குதி லேசு, அதுதான் தட்டும்போது முகம் திரும்பிவிடுகிறது என்றார். எங்கிருந்தோ ஈயம் கொண்டுவந்து அம்மிக்கல்லில் வைத்துத் தட்டித் தகடாக்கி, குதிப்பக்கம் ஒட்டி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். இப்போது பந்து நேரே போயிற்று, ஆனால் தூரம் பிடிபடவில்லை. அடி கனத்துவிட்டதால் கை அதன் பின்னால் இழுபட்டது. பிறகு கைப்பிடி ரப்பரைக் கழற்றி, குழாயின் மேல் முனையிலும் ஈயத்தைப் போட்டு, கலகலக்காமல் துணியை அடைத்தார். நாட்கணக்கில் போடுவதும் எடுப்பதும் விரலில் கிடத்திப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் ஒரு நாள் கட்டையின் முகம் வானத்தைப் பார்த்து ஆடாமல் கிடந்தது. அன்றிலிருந்து பந்து சிரட்டைக்குள் போகாமல் விட்டதை நான் பார்க்கவில்லை. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே கைதட்டுவாள்.

அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்பது அப்பா வாவிக்கு வீச்சுவலையோடு போன அன்று தெரிந்தது. எறிந்த வலை தாழவில்லையாம், மீன்கள் அடியால் நடந்து போயினவாம். வலையின் விளிம்பில் கோக்கிற ஈயத்தை எங்கள் பக்கத்தில் குண்டு என்போம். அப்பா வாசலில் நின்றபடியே கத்தினார்.

"மச்சான், என்ட குண்டெல்லாம் எங்க?"

அம்மா பதறியடித்து ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். றோட்டில் இராணுவம் போகிற நேரம், இந்தச் சொல்லையா உரத்துச் சொல்கிறீர்கள் என்று திட்டினாள். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் சொல்லி வருகிற சொல் அது. நேற்று வந்த சண்டைக்காக அதை ஏன் மாற்ற வேண்டும்?

அதற்குப் பிறகு ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. எங்கள் வீட்டுக்குள் நாலைந்து ஆமிக்காரர் வந்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், பாயை உதறினார்கள். ஒருவன் குசினிச் சுவரில் சாத்தியிருந்த பொல்லைத் தூக்கினான். கனம் அவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். ரப்பரைப் பிடுங்கித் துணியை இழுத்தான். ஈயம் பொலபொலவென்று நிலத்தில் கொட்டியது. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

அப்பா உதவி செய்யத்தான் நினைத்தார். "குண்டு ஐயா. வலையில போடுற குண்டு" என்றார்.

அந்த ஆமிக்காரனுக்குத் தமிழில் மொத்தம் நாலு சொல் தெரிந்திருக்கும். வா, போ, இரு, குண்டு.

துவக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. எங்களை முற்றத்தில் குப்புறக் கிடத்தினார்கள். அம்மா நேற்றுத்தான் மெழுகியிருந்தாள். என் கன்னம் சாணியில் ஒட்டியிருந்தது. அப்பாவின் முதுகில் ஒரு சப்பாத்துக் கால். மாமாவை மட்டும் தனியே இழுத்து, கைகளைத் தலையில் வைத்து முழங்காலில் நிறுத்தினார்கள். நான் அழவில்லை. அழவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

பிறகு ஓர் இளம் அதிகாரி வந்தான். மாமா அவனிடம் சிங்களத்தில் பேசினார். அவருக்கு இவ்வளவு சிங்களம் வரும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அதிகாரி பொல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். கட்டையின் முகத்தை விரலால் தடவினான். பிறகு சிரட்டையைக் காட்டி ஏதோ சொன்னான். நீ சொல்வது உண்மையென்றால் விளையாடிக் காட்டு என்பதுதான் அது. விளங்கிக்கொள்ள எனக்குச் சிங்களம் தேவைப்படவில்லை.

மாமா எழுந்தார். சிந்திய ஈயத்தைப் பொறுக்கிக் குழாய்க்குள் போட்டுத் துணியை அடைத்தார். பொல்லை விரலில் கிடத்திப் பார்த்துவிட்டு ஒரு துண்டு ஈயத்தை வெளியே எடுத்தார். மறுபடி கிடத்தினார். அவரைச் சுற்றி இத்தனை துவக்குகள் இருக்க, அவருக்கு அந்த ஒரு துண்டுதான் பிரச்சினையாக இருந்தது. அதிகாரி அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனிப் பயமில்லை, மாமா தவறமாட்டார்.

மாமா தட்டினார். பந்து வழக்கம்போல் நேரே போனது. சிரட்டையின் விளிம்பைத் தொட்டது, அதைச் சுற்றி அரை வட்டம் போட்டது, உள்ளே விழாமல் வெளியே நின்றுவிட்டது.

எனக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. தங்கச்சி கைதட்டக் காத்திருந்து, சத்தம் வராததால் கண்ணைத் திறந்தாள். அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி சிரித்தான். சிறுபிள்ளையின் சிரிப்பு அது. பொல்லை வாங்கி, காலை அகட்டி நின்று, தானே தட்டினான். வேகம் கொஞ்சம் கூடத்தான். பந்து பின் விளிம்பில் மோதித் துள்ளி உள்ளே விழுந்தது. ஆமிக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது மாமா. அதிகாரி அவர் தோளில் தட்டிக்கொடுத்தான். பிறகு பொல்லைத் தன் தோளில் சாத்திக்கொண்டு, பந்தையும் எடுத்துக்கொண்டு, நடையைக் கட்டினான். அப்பாவின் வலைக் குண்டுகளும் இராணுவத்தோடு போயின.

அன்று எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலிருந்தும் ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. மாமா கிணற்றடிக்குப் போய்க் குடல் வெளியே வருவதுபோல் சத்தி எடுத்தார். பொல்லுப் போன கவலை என்று நினைத்து, அப்பா வேறு பொல்லு செய்து தருவார் என்று அவரைத் தேற்றினேன். ஆனால் மனதுக்குள் கோபம் ஆறவில்லை. இத்தனை நாளும் தவறாதவர், உயிர் போகிற நேரத்திலா தவறுவது? கேட்டேவிட்டேன்.

மாமா வாயைக் கொப்புளித்துத் துப்பினார்.

"குழிக்குள்ள விடுறது லேசு புள்ள" என்றார். "குழி வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டுறதுதான் கஷ்டம்."

தோற்றுப்போன ஆட்கள் எல்லோரும் இப்படி ஏதாவது ஒரு சாட்டுச் சொல்வார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தேன்.