உப்புக் கிடங்கில் நின்ற கான்டெஸா

எங்கள் கான்டெஸா காரை எடுத்துக்கொண்டு வேலூர் பக்கம் போனால், பெட்ரோல் பங்க்கில் நிற்பவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், பிறகு ஓட்டிவந்த என்னைப் பார்ப்பார்கள், கடைசியில் பக்கத்து சீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போய், “எங்க சார் பண்ணீங்க?” என்று கேட்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பாதி வேலை அவருடையதுதான். ஆனால் நின்று பதில் சொல்வதென்றால் அவருக்குப் பேஜார்.

மூக்கு நீண்டு, பின்சக்கரம் அகன்று, நிற்கும்போதே உறுமுகிற பழைய அமெரிக்க வண்டியின் அச்சு அது. அசல் இல்லை என்பதை நானே முதலில் சொல்லிவிடுவேன். உள்ளே இருப்பது ஆலங்காயம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் கோழிகள் அடைந்து கிடந்த கான்டெஸா. எஞ்சின், விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பான் வண்டியிலிருந்து எடுத்தது, டர்போவோடு. இதற்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்த நடையை எழுதினால் அது தனிப் புத்தகம்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபாக்டரியில் இருந்தேன். பாதிக்கு மேல் க்யூ.சி. சூப்பர்வைசர். காலையிலிருந்து மாலைவரை குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கோணல் தையலோ பசைக் கறையோ கண்ணில் பட்டால், அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். வீட்டுக்காரருக்கு ஹைவே ஓரம் டிங்கரிங் ஷெட். நசுங்கிய கதவும் இடிபட்ட பம்பருமாக வரும். இந்த ஒரு வண்டியைச் செய்து காட்டிவிட்டால் ஷெட்டின் தலையெழுத்தே மாறிவிடும் என்று நான் நம்பினேன். வண்டி விஷயத்தைச் சொல்லி, ஃபாக்டரியில் சம்பளமில்லாத லீவு மூன்று மாதம் கேட்டேன்.

“மூணு மாசம்தாம்மா. ஒரு நாள் ஜாஸ்தியானாலும் உங்க எடத்துல வேற ஆளப் போட்ருவேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றார் மேனேஜர். எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். தெரிந்துதான் போனேன்.

முதல் இரண்டு மாதம் வேலை பறந்தது. பின்சக்கரத்துக்கு மேலே வரும் அகலமான வளைவை வீட்டுக்காரர் இடப்பக்கம் தகட்டை அடித்தடித்து அழகாகக் கொண்டுவந்துவிட்டார். வலப்பக்கம் அதே மாதிரி வரவில்லை. ஷூவுக்கு மாதிரி எடுக்க, பாத வடிவ மரக்கட்டை மேல் டேப் ஒட்டி, உரித்து, அட்டையில் படியவைத்து வெட்டுவோம். அதையே இங்கே செய்தேன். இடப்பக்கத்து டேப்பை உரித்துத் திருப்பிப் போட்டு, தகட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் வந்தன. அன்றைக்கு எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது, ஒப்புக்கொள்கிறேன்.

பெயின்ட்டை முழுவதும் சுரண்டி வெறும் இரும்பாக நிறுத்திய வாரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஷெட் ஒழுகியது. என் மாமாவின் பழைய தோல் கிடங்கு காலியாக இருந்தது, மேலே நல்ல கூரை. உப்புப் போட்ட பச்சைத்தோலை அடுக்கிவைத்த இடம் அது. தள்ளிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தினோம். தரையிலும் சுவரிலும் உப்பு பூத்துக் கிடந்தது. எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு உப்புத் தரை வெறும் தரைதான்.

ஆறாம் நாள் கிடங்குக் கதவைத் திறந்தால் வண்டி முழுக்க மஞ்சள்தூள் தூவினதுபோல் துரு. ஈரக் காற்று உப்பை எல்லா இடுக்கிலும் ஏற்றியிருந்தது. ஃபாக்டரியில் தோலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் கட்டுக்கட்டாகக் கழித்துத் தள்ளியவள் நான்.

“இன்னா இப்போ? தேச்சுட்டுப் பட்டி போட்ரலாம். உன் லீவுக்குள்ள முடிச்சிடலாம்” என்றார் வீட்டுக்காரர். பட்டி என்பது பள்ளம் தெரியாமல் பூசுகிற மாவு. மழை விட்டதும் வண்டியை ஷெட்டுக்குத் தள்ளிவந்து, இரண்டு நாளில் வழவழவென்று பூசியும் விட்டார். நான் ஃபாக்டரி ஸ்டிக்கர் தாளை எடுத்துவந்து, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பை ஒட்டினேன். பதினான்கு அம்புகள். பளபளவென்று பாலிஷ் போட்டு டப்பாவில் அடைத்த ஷூவே கப்பலில் உப்புப் பூத்துத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது வெளியே வராமல் போகாது.

இரண்டு நாள் அவர் வேறு வண்டிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பட்டியைச் சுரண்டி எடுத்து, கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதியை வலப்பக்கம் மட்டும் அறுத்தார். உள்ளே உப்பும் துருவும் ஈரமாக அப்பியிருந்தன. இடப்பக்கத்தைத் தொட மாட்டேன் என்றார்.

“அது நல்லாதான் கீது. அதையும் அறுத்தா இன்னும் ஒரு மாசம் ஆவும். உன் வேல போய்டும்.”

எனக்காகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லீவு முடிந்த அன்று காலை ஃபாக்டரிக்குப் போனேன். மேனேஜர் என் ராஜினாமாக் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வண்டி ஓடுதாம்மா?”

“இல்ல சார். எஞ்சினே இன்னும் ஏறல.”

“அப்புறம் எந்த தைரியத்துல வேலைய விடுறீங்க?”

“நாளைக்கி நான் இங்க வந்துட்டா, அவரு பட்டி போட்டு முடிச்சிடுவாரு சார்.”

மேனேஜருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே கேட்டருகே வீட்டுக்காரர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். வருவதாகச் சொல்லவே இல்லை. சட்டை முழுக்க இரும்புத்தூள், கண் சிவந்திருந்தது.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

அவர் பைக்கை ஸ்டார்ட் செய்தார். நான் ஏறி உட்காரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ கெளம்பினதும் லெஃப்ட் சைடையும் அறுத்துட்டேன்” என்றார். “உள்ள நீ சொன்ன மாதிரிதான் இருந்துச்சு.”

பதினெட்டு வருடத்து வேலை போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.